கிண்ணம் ஒலிக்க, வாய் திறக்க

ஒரு கிண்ணம் ஆளைப் பேச வைக்குமா என்று கேட்டால், கொழும்பு ஜிந்துப்பிட்டி சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் வாசலில் நின்று சத்தியம் பண்ணுவேன்: வைக்கும்! அதுவும் வருஷக்கணக்காகத் தொண்டைக்குள்ளேயே கிடந்த பேச்சை வெளியே எடுத்துவிடும்.

எங்கள் பகுதியைத் தெரிந்தவர்களுக்கு இதன் அருமை உடனே விளங்கும். இங்கே வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். நான் இருமினால் பக்கத்து வீட்டு மாமி கொத்தமல்லித் தண்ணி அவித்துக்கொண்டு வந்துவிடுவார். அந்த அன்புக்கு நாங்கள் கொடுக்கிற விலையும் ஒன்று இருக்கிறது. கோபமோ அழுகையோ வந்தால் வீட்டில் முதலில் கேட்பது, "மெல்லக் கதை, அங்கால கேக்கும்" என்பதுதான். அப்படியே விழுங்கிப் பழகிவிடுகிறோம். "ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கு?" "ஒண்ணுமில்ல." எங்கள் வீட்டில் இதைவிட அதிகம் சொல்லப்பட்ட பொய் கிடையாது.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் சிட்னியிலிருந்து வந்த சித்தி, பழைய சேலைகளில் பொதிந்து, ஒரு ஸ்படிகக் கிண்ணத்தைக் கொண்டுவந்தார். பனி படர்ந்தது போன்ற வெள்ளை நிறம், அடியில் வைக்க ஒரு ரப்பர் வளையம், மெல்லிய தோல் சுற்றிய ஒரு கோல். தூய குவார்ட்ஸ் மணலைச் சுழலும் அச்சில் இட்டு, 1,700 பாகை செல்சியஸுக்கும் மேலான சூட்டில் உருக்கிச் செய்வது இது. கணினிச் சில்லுகளுக்கான சிலிக்கனை உருக்கவென்று தொழிற்சாலைகளில் இருந்த குவார்ட்ஸ் பாத்திரங்களிலிருந்துதான் இந்த வாத்தியமே பிறந்தது.

முதலில் கிண்ணத்தின் வெளிப்பக்கத்தில் மெதுவாக ஒரு தட்டு. பிறகு கோலை விளிம்போடு அழுத்தி, அவசரமில்லாமல் சுற்ற வேண்டும். கோல் விளிம்பில் ஒட்டும், வழுக்கும், மறுபடி ஒட்டும். வயலினில் வில் நரம்பைப் பேச வைப்பதும் இதே விதத்தில்தான். வேகமாகச் சுற்றினால் கடகடவென்று உதறும். பொறுமையாகச் சுற்றினால் ஒலி அடியிலிருந்து எழும்பி, அறையை நிறைத்து, நெஞ்செலும்பில் வந்து தட்டும். அப்பப்பா, அந்த முதல் அதிர்வை எந்த வார்த்தையில் சொல்ல! கோலை எடுத்த பிறகும் ஒலி நிற்காது, மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டே போகும்.

கிண்ணத்தில் நாதம் எடுப்பது நமக்குப் புதிதும் இல்லை. பீங்கான் கிண்ணங்களில் தண்ணீர் ஊற்றிச் சுருதி சேர்க்கும் ஜலதரங்கத்தை ஆனையம்பட்டி கணேசனும் சீதா துரைசாமியும் கச்சேரி மேடையில் நிறுத்திக் காட்டியவர்கள். தொண்டைக்கு விசுத்தி என்று ஓர் ஆதாரச் சக்கரத்தையே நம் யோக மரபு ஒதுக்கி வைத்திருக்கிறது. ஸ்படிகக் கிண்ணக்காரர்கள் மேற்கத்திய இசையின் ஜி சுரத்தை அந்த விசுத்திக்கு உரியதாகச் சொல்வார்கள். என்னுடையதும் அந்தச் சுரம்தான்.

நான் செய்வது இவ்வளவுதான். ஒலி எழும்பியதும் அதோடு சேர்ந்து வாய் மூடி 'ம்ம்ம்' என்று முனகுவேன். மூச்சு நீளும், நீண்டு வெளியேறும் மூச்சு இதயத் துடிப்பைத் தணிக்கும். தொண்டை தளரும். பிறகு, ஒலி தேய்ந்து முடிவதற்குள், மனதில் இருக்கிற ஒரு உண்மையை வாய்விட்டுச் சொல்வேன். இங்கேதான் இந்தக் கிண்ணத்தின் பெரிய உபகாரம்: அதன் ஒலி சுவருக்கு மேல் இன்னொரு சுவராக நின்றுவிடுகிறது. பக்கத்து வீட்டுக்குக் கேட்பது ரீங்காரம் மட்டும். என் பேச்சு எனக்கும் எதிரே இருப்பவருக்கும் மட்டும்.

முதலில் தனியாகச் சொல்லிப் பழகினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணியைக் கூப்பிட்டுப் பாயில் உட்கார வைத்தேன். ஒலி அறையைச் சுற்றி வந்தபோது சொன்னேன்: "அண்ணி, அம்மா சமையலப் பத்தி அன்னைக்கு எல்லார் முன்னுக்கும் நீங்க சொன்னது எனக்கு நல்லா வலிச்சுது." அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. கையை நீட்டிக் கோலை வாங்கி, தானே சுற்றத் தொடங்கினார். ஒலி நன்றாக எழும்பிய பிறகு, "எனக்கு இந்த வீட்டுல ஒரு நாளாவது குசினிக்குள்ள போகாம இருக்கணும்" என்றார். அன்றைக்கு இருவரும் அழுத அழுகை எவ்வளவு சுகமானது தெரியுமா! இப்போது ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அடுப்பு அண்ணன் பொறுப்பு.

இது என் மனப்பிரமை என்று யாராவது சொன்னால், சான்டியேகோவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 62 பேரைப் பாடும் கிண்ணங்களின் ஒலியில் படுக்க வைத்துப் பார்த்ததைச் சொல்வேன். 2017இல் வெளியான அந்த ஆய்வில், ஒலி கேட்ட பிறகு அவர்களுடைய பதற்றமும் கோபமும் சோர்வும் குறைந்திருந்தன. சிறிய ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை. ஆனாலும் மனம் இளகினால் பேச்சு வரும் என்பதை எங்கள் பாயில் உட்கார்ந்தே கண்டுவிட்டேன்.

வலிப்பு உள்ளவர்களும் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்களும் வைத்தியரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். மற்றவர்கள் தயங்கவே வேண்டாம்! ஸ்படிகம் கிடைக்காவிட்டால் வெண்கலக் கிண்ணத்தில் ஆரம்பியுங்கள். முதல் வாக்கியத்தை 'நீ' என்று தொடங்காமல் 'எனக்கு' என்று தொடங்குங்கள். குற்றச்சாட்டாகப் போகாமல் உங்கள் மனசாகப் போய்ச் சேரும். நீங்கள் சொல்லி முடித்ததும் கோலை எதிரே இருப்பவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவருக்கும் சொல்ல ஏதோ இருக்கும்.