மிக்ஸரின் அவுட்புட்: எதை முடிக்கிறோம், எதைத் திறந்து வைக்கிறோம்?

மாடுலர் சிந்தசைசர் வாசிப்பவர்கள் ஆஸிலேட்டரைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். ஃபில்டர்களில் எது சிறந்தது என்று வாதாடுவார்கள். மிக்ஸர் என்று வந்ததும் பேச்சு சுருங்கிவிடும். எல்லா ஒலிகளும் அதில் போய்ச் சேர்கின்றன, இரண்டு கேபிள் வழியாக வெளியே வருகின்றன என்பதோடு முடித்துக்கொள்வார்கள். இந்த அலட்சியத்தால் நல்ல இசை பல நேரம் வீணாகிறது என்பது என் எண்ணம். இனிமேல் மாற்றவே முடியாதது எது, பிறகு திருத்திக்கொள்ளக்கூடியது எது என்ற தீர்மானம் மிக்ஸரின் அவுட்புட்டில்தான் நடக்கிறது. அதை நாம் எடுக்காவிட்டால், கேபிள் செருகிய இடமே நமக்காக எடுத்துவிடும்.

இன்று மிகப் பரவலாக இருக்கும் வழக்கம், மாடியூல்களைப் பொருத்திய ராக்குக்குள்ளேயே எல்லாக் குரல்களையும், அதாவது தனித்தனி ஒலி வரிகளையும், கலந்து, ஸ்டீரியோ அவுட்புட்டை மட்டும் ரெக்கார்டருக்கோ மேடை ஒலிபெருக்கிக்கோ அனுப்புவது. இதன் முதல் பலம் கலவையே வாசிப்பாக மாறிவிடுவது. மாடுலரில் ஒலியளவைக் கையால் மட்டுமல்ல, மின்னழுத்தத்தாலும் ஆட்டலாம். தாள ஒலி எழும் கணத்தில் பேஸ் ஒலி தானாகத் தாழ்ந்து வழிவிடலாம். மெதுவான ஓர் அலை இரண்டு குரல்களை மாறி மாறி முன்னுக்குக் கொண்டுவரலாம். இசைக்கும்போதே எடுக்கும் இந்த முடிவுகளில் இருக்கும் துணிச்சலை, பிறகு கணினித் திரையின் முன் உட்கார்ந்து கொண்டுவருவது கடினம்.

இரண்டாவது பலம் ஒலியின் தன்மையில் இருக்கிறது. டீட்டர் டோஃப்பர் தொண்ணூறுகளின் நடுவில் கொண்டுவந்த யூரோராக் என்ற மாடுலர் முறையில் மின்வழங்கல் கூட்டல் கழித்தல் 12 வோல்ட். ஒரு ஆஸிலேட்டரின் ஒலி பொதுவாகக் கூட்டல் 5 வோல்ட்டுக்கும் கழித்தல் 5 வோல்ட்டுக்கும் இடையே ஆடுகிறது. அப்படிப்பட்ட மூன்று ஒலிகளை முழு அளவில் கலந்தால், அவற்றின் உச்சங்கள் ஒன்றுசேரும் கணத்தில் 15 வோல்ட் வேண்டும். இருப்பதோ 12தான். அலையின் முனைகள் அங்கே நசுங்குகின்றன. தனித்தனியாக எந்தக் குரலும் எல்லை மீறவில்லை, கூட்டுத்தொகைதான் மீறுகிறது. அறுபதுகளின் மூக் மாடுலரில் இருந்த சிபி3 மிக்ஸரை இன்றும் பலர் தேடுவதற்குக் காரணம் இந்த நசுங்கல் அதில் இதமாக ஒலிப்பதுதான். பல ஒலிகளை ஒரே உடம்பாக இறுக்கிக் கட்டும் அந்தத் தடிப்பு, மிக்ஸரின் கூட்டு அவுட்புட்டில் பிறப்பது. குரல்களைத் தனித்தனியாகப் பதிந்து பிறகு சேர்த்தால் அது அப்படியே வராது.

இந்த வழக்கத்தின் குறைகளும் அதே இடத்தில்தான் பிறக்கின்றன. கலந்தது கலந்ததுதான். பேஸ் ஒலி ஒரு துளி மிகுந்துவிட்டது என்று மறுநாள் தெரிந்தால், அதைக் குறைக்க எடுக்கும் ஒவ்வொரு முயற்சியும் மற்றக் குரல்களையும் தொட்டுவிடும். இரண்டாவது தொல்லை அளவு. உச்சத்திலிருந்து உச்சம்வரை 10 வோல்ட் உள்ள சைன் அலையின் பயனுறு அளவு சுமார் 3.5 வோல்ட். ஸ்டுடியோக் கருவிகளின் வழக்கமான லைன் அளவு 1.23 வோல்ட், வீட்டுக் கருவிகளுக்கு சுமார் 0.32 வோல்ட்தான். அதாவது மாடுலர் ஒலி முன்னதைவிட 9 டெசிபெல்லும் பின்னதைவிட 21 டெசிபெல்லும் அதிகம். ராக்குக்குள் இனிமையாக நசுங்கிய ஒலி, வெளியே உள்ள கருவியின் வாசலில் கரகரப்பாக உடைந்துவிடுவது இதனால்தான். அளவைக் குறைத்துத் தரும் அவுட்புட் மாடியூலை ஆடம்பரமாக நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது தொல்லை கண்ணுக்குத் தெரியாதது. பல மிக்ஸர்களில் இடது, வலது இரண்டும் ஒரே 3.5 மில்லிமீட்டர் ஜாக்கில் வெளிவருகின்றன. அதை ஒரு பேலன்ஸ்டு மோனோ இன்புட்டில் நேராகச் செருகினால், அந்த இன்புட் இடதிலிருந்து வலதைக் கழித்துவிடும். இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் நடு ஒலி முழுவதும் காணாமல் போகும். பேஸ், தாளம் போன்ற ஆதாரக் குரல்களை நாம் நடுவில்தான் வைக்கிறோம் என்பதால், உயிர்ப்பகுதியே போய்விடுகிறது. பழுது என்று நினைத்துச் சிந்தசைசரையே பிரித்துப் பார்ப்பவர்கள் உண்டு. தவறு கேபிளில்தான்.

இதற்கு நேரெதிர் வழி, ஒவ்வொரு குரலையும் தனி அவுட்புட்டில் எடுத்துத் தனி டிராக்கில் பதிவது. வெண்டி கார்லோஸ் 1968இல் மூக் சிந்தசைசரில் செய்த ‘ஸ்விட்ச்டு-ஆன் பாக்’ இசைத்தட்டு இந்த மனப்பான்மையின் பெரும் சாதனை. ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே தரும் கருவியில், ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக வாசித்து 8 டிராக் ரெக்கார்டரில் அடுக்கினார். பாக்கின் இழைகள் ஒன்றோடொன்று மோதாமல் தெளிவாகக் கேட்பதற்கு அந்தப் பிரிப்பே காரணம். எழுதி முடிக்கப்பட்ட இசைக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை.

ஆனால் அந்த இடத்திலேயே உருவாகும் இசைக்கு இது முழுவதும் பொருந்தாது. குரல்கள் ஒன்றையொன்று கேட்டு, ஒன்றையொன்று தள்ளி வளரும்போது, தனி டிராக்குகள் அந்த உறவைப் பாதிதான் பிடிக்கும். நடைமுறைத் தடையும் இருக்கிறது. மாடுலர் அளவை நேரடியாக ஏற்கும் எக்ஸ்பர்ட் ஸ்லீப்பர்ஸ் இஎஸ்-8 போன்ற கருவியில்கூட நேரடி இன்புட் 4தான். எட்டுக் குரல் வாசிப்பவர் ஏதாவது சிலவற்றைச் சேர்த்தே ஆக வேண்டும்.

இந்த இடத்தில் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் வெயில்ஸ், மேக் நாய்ஸின் மேத்ஸ் போன்ற மாடியூல்களில் தனி அவுட்புட்டில் கேபிள் செருகிய உடனே அந்தக் குரல் கூட்டு அவுட்புட்டிலிருந்து விலகிவிடும். திட்டமிட்டுச் செய்த வசதி இது. வெயில்ஸை இரண்டு சிறிய மிக்ஸர்களாகப் பிரித்துக்கொள்ளலாம், தேவையற்ற குரலை ஒரு வெற்றுக் கேபிளால் விலக்கலாம். ஆனால் தனி டிராக் எடுக்கலாம் என்று நினைத்து ஒரு கேபிளைச் செருகுபவர், மேடையில் அந்தக் குரலையே இழப்பார். குரல் மிக்ஸருக்குள் போவதற்கு முன்பே, ஒரு சிக்னலின் நகல்களைத் தரும் மல்ட்டிபிள் கொண்டு இரண்டாகப் பிரித்து, ஒன்றை ரெக்கார்டருக்கும் மற்றதை மிக்ஸருக்கும் அனுப்புவதே பாதுகாப்பான வழி.

அவுட்புட்டை வெளியே அனுப்பாமல் மீண்டும் இன்புட்டுக்கே திருப்புவது மூன்றாவது வழக்கம். 1970இல் வந்த மினிமூக் சிந்தசைசரின் ஹெட்ஃபோன் அவுட்புட்டை அதன் வெளி இன்புட்டில் செருகி ஒலியைத் தடிக்க வைக்கும் உத்தி வாசிப்பவர்களிடையே பரவியது. பின்னாளில் மூக் நிறுவனமே சப் 37 கருவியில் அதற்கென ஒரு குமிழை வைத்தது. இசையமைப்பாளர் டேவிட் டியூடர் 1972இல் ‘அன்டைட்டில்டு’ படைப்பில் வெளி ஒலி எதுவுமின்றி, சுற்றுகளின் திருப்பு ஒலியாலேயே இசை எழுப்பினார். ஜப்பானின் தொஷிமாரு நகமுரா, அவுட்புட்டை இன்புட்டுக்கே திருப்பி, சாதாரண மிக்ஸர் பலகையையே தன் வாத்தியமாக்கிக்கொண்டார். இங்கே அவுட்புட் முடிவாக இல்லாமல் தொடக்கமாகிறது. குமிழை ஒரு மயிரிழை நகர்த்தினாலும் ஒலி வேறொன்றாகிவிடும். இதே பண்பு அதன் குறையும்கூட: நேற்றைய ஒலியை இன்று திரும்பப் பிடிக்க முடியாது. கணத்தில் எகிறும் ஒலியளவு ஒலிபெருக்கியையும் காதையும் காயப்படுத்தும். சுற்றுக்குள் அளவைக் குறைக்கும் ஓர் அட்டெனுவேட்டரும், கடைசியில் உச்சத்தைத் தடுக்கும் ஒரு லிமிட்டரும் இல்லாமல் இதைத் தொடக்கூடாது.

இரண்டு அவுட்புட்டோடு நின்றுவிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மின்னணு இசைக்கலைஞர் சூசன் சியானி புக்லா 200இ மாடுலர் கருவியிலிருந்து நான்கு அவுட்புட்டுகளை அரங்கின் நான்கு மூலைகளுக்கு அனுப்பி, ஒலியைக் கேட்பவரைச் சுற்றி நகர்த்துகிறார். சான் பிரான்சிஸ்கோவில் 2016இல் நடந்த அவரது கச்சேரி 2018இல் ‘லைவ் குவாட்ரஃபோனிக்’ என்று வெளியானது. அவர் இசையில் இடம் என்பது சுருதியைப் போல ஓர் அங்கம். ஆனால் நான்கு ஒலிபெருக்கி உள்ள அரங்குகள் குறைவு. அதை இரண்டாகச் சுருக்கிக் கேட்கும்போது அந்த இயக்கத்தின் பெரும்பகுதி தட்டையாகிவிடுகிறது.

இந்த வழக்கங்களில் எதுவும் தன்னளவில் சரியோ தவறோ கிடையாது. குரல்களின் உறவே இசையாக இருக்கும்போது ஸ்டீரியோக் கலவையை நம்புவதுதான் நேர்மை. ஒவ்வொரு வரியின் தெளிவே இசையாக இருக்கும்போது தனி டிராக்குகள் வேண்டும். பெரும்பாலான இசை இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதால், நான் பரிந்துரைப்பது கலப்பு வழி. கூட்டு அவுட்புட்டை முழுமையாக வாசித்துப் பதிய வேண்டும். அதோடு, பிழைத்தால் மொத்தத்தையும் கெடுத்துவிடும் இரண்டு குரல்களை, பெரும்பாலும் பேஸையும் தாளத்தையும், மல்ட்டிபிள் வழியாகத் தனியே எடுத்து வைக்க வேண்டும். பேஸ் கொஞ்சம் மெலிந்துவிட்டால் தனி டிராக்கிலிருந்து சேர்த்துக்கொள்ளலாம். மிகுந்துவிட்டால் அதைக் கலவையிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. அதனால் இப்படிப் பதியும்போது அந்த இரண்டையும் கலவையில் ஒரு நூல் தாழ்த்தியே வைப்பது நல்லது. இத்தகைய கணக்குகளை முதல் கேபிளைச் செருகும் முன்பே போட்டுவிட வேண்டும். வாசிக்கத் தொடங்கிய பிறகு கை இசையைத்தான் கவனிக்கும், கவனிக்கவும் வேண்டும்.