சிறுநீரக, இனப்பெருக்க உறுப்பு நோய்களில் செவிலியப் பராமரிப்பின் மொழி: ஆண்டிமடம் வட்டாரத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

சிறுநீரக நோய்களுக்கும் இனப்பெருக்க உறுப்பு நோய்களுக்கும் உரிய செவிலியப் பராமரிப்பு தமிழில் எவ்வாறு சொல்லப்படுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழ் மருத்துவக் கலைச்சொல்லாக்கம் உறுப்புகளுக்கும் நோய்களுக்கும் பெயர் காண்பதில் பெரிதும் முனைந்தது. நோயாளியிடம் நாள்தோறும் பேசப்பட வேண்டிய பராமரிப்பு மொழியை அந்த அளவுக்குக் கருதவில்லை. சித்த மருத்துவ மரபிலும் அகமரபிலும் மக்கள் வழக்கிலும் உள்ள சொற்களை மதிப்பிட்டு, இவ்விடைவெளியின் தன்மையையும் அதன் விளைவுகளையும் கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: செவிலியம், சிறுநீரகம், நீர்க்குறி, மேகம், கலைச்சொல், ஆண்டிமடம்

முன்னுரை

அரியலூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஆண்டிமடம், முந்திரித் தோப்புகளும் மானாவாரி நிலங்களும் மிகுந்த வட்டாரமாகும். 2022 சனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்றதால் உயர் சிகிச்சை இம்மாவட்ட மக்களுக்குச் சற்று அருகில் வந்தது. அதற்கு முன்பே, 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பராமரிப்பின் ஒரு பகுதியை வீட்டுக்கே கொண்டு சென்றது. நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளுடன், வயிற்றுறை வழியே செய்யப்படும் டயாலிசிஸுக்கான திரவப் பைகளும் இத்திட்டத்தில் வீடு தேடி வருகின்றன.

இம்மாற்றம் மொழி சார்ந்த ஒரு வினாவை எழுப்புகிறது. மருத்துவமனைக் கூடத்தில் செவிலியர் தம் கையால் செய்த பணியை இப்போது மனைவியோ மகனோ மருமகளோ வீட்டில் செய்ய வேண்டியுள்ளது. செவிலியரின் அறிவு சொல்லாக மாறி அவர்களிடம் சென்று சேர வேண்டும். சொல் பிழைபட்டால் பராமரிப்பும் பிழைபடும்.

செவிலி: கேட்பவளும் சொல்பவளும்

நர்ஸ் என்பதற்குத் தமிழ் தேர்ந்துகொண்ட ‘செவிலி’ என்னும் சொல் அகமரபிலிருந்து பெறப்பட்டது. தலைவியை வளர்த்த தாய் செவிலி. அறத்தொடு நிற்றல் துறையில் தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும் களவொழுக்கத்தை வெளிப்படுத்துவர். ஒரு பெண் நேரே சொல்லத் தயங்கும் செய்தி உரியவரிடம் செல்லும் வழியில் செவிலி நடுநிலையில் இருக்கிறாள். தலைவியின் மெலிவையும் மேனி வேறுபாட்டையும் கண்டு ஐயுறுபவளும் அவளே.

இச்சொல்லை ஏற்றுக்கொண்ட நவீன வழக்கு வளர்ப்பவள் என்னும் பொருளை மட்டுமே பெரிதும் நினைவிற்கொண்டது; மறைவான செய்தியைக் கேட்டறிந்து உரியவரிடம் உரைப்பவள் என்னும் பொருள் பின்தங்கியது. இனப்பெருக்க உறுப்பு நோய்களின் பராமரிப்பிலோ இந்த இரண்டாம் பொருளே முதன்மையானது. கருப்பை இறங்கியதையோ நாட்பட்ட வெள்ளைப்படுதலையோ ஒரு பெண் முதலில் சொல்வது பெரும்பாலும் கிராம சுகாதார செவிலியரிடமே.

‘நீர்’ என்னும் சொல்லின் பொருள் மயக்கம்

சிறுநீரக நோய் பற்றிய உரையாடலில் மிகுதியாக இடம்பெறும் சொல் ‘நீர்’. அருந்துவது நீர். கழிவதும் நீர், ‘நீர் பிரியவில்லை’ என்பர். கால் வீங்கினால் ‘நீர் கோத்துக்கொண்டது’ என்பர். எரிச்சல் இருந்தால் ‘நீர்க்கடுப்பு’. ஒரே சொல் உள்ளே செல்வதையும் வெளியேறுவதையும் உடலில் தங்குவதையும் குறிக்கிறது. ‘நீரைக் குறைக்க வேண்டும்’ என்னும் அறிவுரை இவற்றுள் எதைச் சுட்டுகிறது என்பது கேட்பவருக்குத் தெளிவாவதில்லை.

இதன் விளைவு சிறியதன்று. சிறுநீரகக் கல் உள்ளவர் நாளொன்றுக்கு இரண்டு லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் கழியும் அளவுக்குத் தண்ணீர் பருக வேண்டும். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கோ முந்தைய நாள் கழிந்த சிறுநீரின் அளவோடு ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் சேர்த்த அளவே பொதுவான வரம்பு. ‘கிட்னிக்குத் தண்ணீர் நல்லது’ என்னும் பொதுநம்பிக்கை முன்னவருக்குப் பொருந்தும். பின்னவருக்கு மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடும்.

‘திரவக் கட்டுப்பாடு’ என்னும் கலைச்சொல் இம்மயக்கத்தை நீக்குவதில்லை. அதைக் கேட்பவர் தண்ணீரைக் குறைத்துவிட்டுக் கஞ்சி, மோர், இரசம், தேநீர் ஆகியவற்றைக் கணக்கில் கொள்ளாமல் விடக்கூடும். ஒரு குறிப்பிட்ட பாத்திரத்தில் நாளுக்குரிய அளவை அளந்து வைத்து, எதைப் பருகினாலும் அதே அளவை அதிலிருந்து எடுத்துவிடச் சொல்வதே பராமரிப்பு மொழி. அது பெயர்ச்சொல்லால் அன்றி வினைச்சொல்லாலும் அளவையாலும் அமைகிறது. உணவு குறித்த அறிவுரைக்கும் இது பொருந்தும். ‘பொட்டாசியம் தவிர்க்க’ என்பதைவிட, இளநீரைத் தவிர்க்கவும் காய்கறியை நிறைய நீரில் வேகவைத்து அந்நீரை வடித்துவிடவும் சொல்வது பயன் தரும். ‘சோடியம் குறைக்க’ என்பதற்கு ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று பெயர் சொல்ல வேண்டும்.

நீர்க்குறி: பயன்படுத்தப்படாத சொல்வளம்

சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வுகளுள் மூத்திரமும் ஒன்று. தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி மரபு சிறுநீரை நிறம், மணம், நுரை, எடை, எஞ்சல் என ஐந்தாகப் பகுத்து நோக்குகிறது. எண்ணெய்த் துளி பரவும் வடிவம் கொண்டு நோயை உரைக்கும் நெய்க்குறியை இன்றைய செவிலியம் ஏற்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. ஆனால் அந்த ஐந்து சொற்களும் இன்றைய நோக்கீட்டுக்கும் நேராகப் பொருந்துகின்றன. நிறம் கருகினால் நீர்க்குறைவோ குருதிக் கலப்போ இருக்கலாம். அடங்காத நுரை புரதக் கசிவைக் காட்டலாம். கெட்ட மணமும் எஞ்சலும் தொற்றைச் சுட்டலாம். எடை என்பது ஒப்படர்த்தியே.

வீட்டில் இருப்பவர் கண்டு சொல்லத்தக்க குறிகளுக்கு எளிய தமிழ்ச்சொற்கள் நூற்றாண்டுகளாக ஆயத்தமாக இருந்தும் கலைச்சொல்லாக்கம் அவற்றைத் தன் கணக்கில் சேர்க்கவில்லை. வயிற்றுறை டயாலிசிஸில் வெளிவரும் திரவம் தெளிவின்றி வந்தால் அது தொற்றின் முதல் அடையாளம். ஏரி, குளத்து நீரை நாளும் காணும் மக்களுக்குக் ‘கலங்கல்’ என்னும் ஒரு சொல்லே அங்குப் போதும்.

மேகம், வெள்ளை: நோயும் பழியும்

மரபு தந்த சொற்கள் அனைத்தும் நன்மை பயப்பன அல்ல. ‘மேகம்’ என்னும் சொல் மதுமேகத்தில் நீரிழிவையும், மேகவெட்டையில் பால்வினை நோயையும் குறிக்கிறது. சிறுநீர்ப் பாதையும் இனப்பெருக்கப் பாதையும் ஒரே சொற்குடும்பத்தில் அமைந்துவிட்டதால், ஒன்றன் பழி மற்றொன்றின் மீதும் படிகிறது. வயல்வேலையின்போது ஒதுங்க இடமின்றித் தண்ணீர் பருகாமலும் சிறுநீரை அடக்கியும் இருக்கும் பெண்ணுக்கு நீர்க்கடுப்பு வருவது இயல்பு. ஆயினும் அதைச் சொன்னால் ஒழுக்கம் ஐயுறப்படுமோ என அவர் அஞ்சக்கூடும். ‘வெள்ளை’யும் இயல்பான கசிவையும் நோயையும் வேறுபடுத்தாத சொல். ‘மலடி’ என்பது பெண்ணை மட்டுமே குற்றவாளியாக்குவது. ‘குழந்தைப்பேறின்மை’ இருவரையும் உட்படுத்துவதால் ஏற்புடையது. இங்குக் கலைச்சொல்லாக்கம் செய்த பணி பாராட்டத்தக்கது.

மொழிபெயர்ப்பின் எல்லை

யாழ்ப்பாணம் மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், 19ஆம் நூற்றாண்டில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, மகப்பேறு, அறுவை முதலிய துறை நூல்களைத் தமிழாக்கினார். அவர் வகுத்த பாதை மருத்துவர்க்கானது. பின்வந்த சொல்லாக்கமும் பெரும்பாலும் அவ்வழியே சென்றது. டயாலிசிஸ் என்பதற்கு வேதியியல் தந்த ‘கூழ்மப்பிரிப்பு’ வகுப்பறைக்கு ஏற்றது. நோயாளிக்கு ‘டயாலிசிஸ்’ என்பதே தெளிவு. ஃபிஸ்டுலாவுக்கு அகராதி தரும் ‘பௌத்திரம்’ ஆசனவாய் நோயையே நினைவூட்டும். டயாலிசிஸுக்காகக் கையில் அமைக்கப்படும் இரத்தக்குழாய் இணைப்புக்கு அது பொருந்தாது. ‘இந்தக் கையில் ஊசி போடவோ அழுத்தம் பார்க்கவோ விடாதீர்கள், நாள்தோறும் தொட்டு அதிர்வு இருக்கிறதா எனப் பாருங்கள்’ என்பது சொல்லாக்கம் இன்றியே முழுமை பெறும் பராமரிப்பு.

முடிவுரை

மருத்துவக் குறிப்பேட்டில் ஆங்கிலச் சொல்லும், பாடநூலில் கலைச்சொல்லும், நோயாளியின் வீட்டில் வட்டார வழக்கும் இருப்பது குறையன்று. மூன்றுக்கும் இடையே பாலம் இல்லாமையே குறை. செவிலியத் தமிழை மதிப்பிட மூன்று அளவுகோல்களைக் கொள்ளலாம். சொல் ஒரே செயலைச் சுட்டுகிறதா? வீட்டில் உள்ளவர் அதைச் செய்து காட்ட முடியுமா? நோயாளி தயக்கமின்றி அதைத் திரும்பச் சொல்ல முடியுமா? ஆண்டிமடம் போன்ற வட்டாரங்களின் வழக்குச் சொற்களைத் தமிழாய்வாளரும் செவிலியரும் இணைந்து தொகுத்து இவ்வளவுகோல்களால் ஆராய்தல் வேண்டும். அத்தொகுப்பு அகராதியாக அமைவதைவிட, செவிலியர் கேட்கும் வினாக்களும் நோயாளி தரும் விடைகளுமாக அமைவதே பயனுடையது.