பாதி வர்ணம், பாதி மண்

கணினியில் வடித்த கதாபாத்திரத்தின் முகத்தில் ஒரு கன்னம் மாநிறமும் மயிர்க்கால்களும் பெற்று ஜீவகளையுடன் திகழ, மறு கன்னம் வர்ணமேதும் பூசாத சாம்பல்நிற மண்ணாகவே நிற்க, இரண்டும் மூக்குத்தண்டருகே ஒன்றிலொன்று கரையும் சித்திரம் தனி அழகுடையது. பிளெண்டரில் காமிராவையும் விளக்குகளையும் அசைக்காமல் இருமுறை ரெண்டர் எடுத்து, ஃபோட்டோஷாப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலடுக்கின் மாஸ்க்கில் கறுப்பைத் தடவினால் மறைவும், வெள்ளையால் தோற்றமும், இடைப்பட்ட சாம்பலால் கலப்பும் உண்டாகும். காமிரா மயிரிழை பிசகினாலும் உதடு இரண்டாகிவிடும். வர்ணப்பாதி கண்ணை மயக்கும். இமைமடிப்பு மெய்யாகவே செதுக்கியதா, டெக்ஸ்சரின் ஜாலமா என்று சாட்சி சொல்வது மண்பாதியே. சிலர் எல்லையைக் கத்தியால் அறுத்தாற்போல் விடுகிறார்கள். அது விளம்பரத்துக்குப் பொருந்தலாம், சித்திரத்துக்கு ஆகாது.