பொருளியலும் பேரேடும்

க.பொ.த. உயர்தர வர்த்தகப் பிரிவிலே கணக்கீடு, வணிகக்கல்வி, பொருளியல் ஆகிய மூன்று பாடங்களும் ஒருங்கே பயிலப்படுகின்றன. இச்சேர்க்கையினாற் பொருளியலும் வணிகப் பயிற்சியின் ஒரு கூறே என்னும் எண்ணம் மாணவரிடையே வேரூன்றியுள்ளது. பல்கலைக்கழகத்தை அடையும்போது அவ்வெண்ணம் சோதனைக்குள்ளாகின்றது. பேராதனையிற் பொருளியல் கலைப்பீடத்தைச் சார்ந்தது. முகாமைத்துவம் தனியொரு பீடம். மாத்தளை மாவட்டத்துத் தோட்டமொன்றிலிருந்து, குடும்பத்தின் முதற் பட்டதாரியாகும் நோக்குடன் வரும் மாணவருக்கு இத்தெரிவு பாரதூரமானது. பெற்றோரின் நாட்சம்பளத்தில் வளர்ந்த வாழ்வு இனி எத்திசை செல்லும் என்பது அதிலேயே தங்கியுள்ளது.

வணிகப் பட்டத்துக்குச் சார்பான வாதம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. கணக்கீடு கற்றவருக்கு வங்கியிலும் கம்பனியிலும் காத்திருக்கும் தொழில் இன்னதென்பது தெளிவு. பொருளியற் பட்டதாரிக்கு அத்தெளிவு இல்லை. வறிய குடும்பம் நிச்சயமான வழியை நாடுவதைக் குறுகிய நோக்கெனப் பழிப்பது வசதி படைத்தோருக்கே இயலும். எனினும், பொருளியலையே ஒரு வணிகப் பட்டமெனக் கருதித் தெரிவுசெய்பவர் இருவகையிலும் இழக்கின்றார். வணிகத் திறன் முழுமையாகக் கைவருவதில்லை. பொருளியல் எழுப்பும் வினாக்களும் கைநழுவிப் போகின்றன.

இவ்விரு அறிவுகளும் பிரியுமிடத்தை மாத்தளையின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து தம்புள்ளை வழியாக நடந்துவந்த தென்னிந்தியத் தொழிலாளருக்கு மலைநாட்டின் வாயிலாக அமைந்த ஊர் மாத்தளை. தோட்டங்களிற் பின்னர் நிலைபெற்ற துண்டு முறை இங்கு நோக்கத்தக்கது. தொழிலாளியின் கடன்தொகையைச் செலுத்துவோரிடம் அவரை விடுவிப்பதாகத் தோட்டம் எழுதிக்கொடுக்கும் சீட்டே துண்டு. பேரேட்டில் அது வரவேண்டிய கடன். பொருளியல் நோக்கிலோ, கூடிய கூலி கிடைக்கும் இடத்துக்கு உழைப்பாளி செல்லாது தடுத்த விலங்கு. 1921இல் அம்முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியதும் அவ்வாண்டிலேயாம்.

1848ஆம் ஆண்டுக் கிளர்ச்சியும் இத்தகையதே. முந்திய ஆண்டில் பிரித்தானியாவில் ஏற்பட்ட வர்த்தக நெருக்கடியுடன் கோப்பித் தொழில் சரிந்தது. அரச வருமானம் குன்றியது. டொறிங்டன் ஆட்சி துப்பாக்கி, நாய், கடை ஆகியவற்றின் மீது வரி விதித்து, வீதி வேலையையும் மக்கள் மீது சுமத்தியது. யூலை மாதம் மாத்தளையில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். தோட்ட முதலாளி நட்டமடைந்த கதையைக் கணக்கேடு கூறும். குடியானவர் அந்நட்டத்தின் சுமையை ஏன் தாங்க நேர்ந்தது என்பதை விளக்கப் பொருளியல் வேண்டும்.

அண்மைக்காலச் சான்றும் உண்டு. 2021இல் சம்பளச் சபையின் வழியாகத் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டபோது, கம்பனிகள் உற்பத்திச் செலவைக் காட்டி நீதிமன்றத்தை நாடின. கணக்கீட்டில் சம்பளம் ஒரு செலவு, குறைப்பதே திறமை. அதே சம்பளம் தொழிலாளியின் வருமானம், மாத்தளை நகரக் கடைகளின் விற்பனை, பிள்ளைகளின் கல்வி. இவற்றை ஒருசேர நோக்குவதே பொருளியலின் தனிப்பணி.

ஆயினும், கேள்வி-நிரம்பல் வளைகோடுகளை மனனஞ்செய்து பட்டம் பெறுபவர் இப்பணியை ஆற்றவல்லரல்லர். கம்பனியின் ஐந்தொகையை வாசிக்க அறியாதவர், “சம்பளம் உயர்த்த இயலாது” என்னும் கூற்று மெய்யா பொய்யா எனச் சோதிப்பது எங்ஙனம்? 1903இல் கேம்பிரிட்ஜில் பொருளியலுக்குத் தனிப் பட்டநெறி அமைவதற்கு முன்னின்ற அல்பிரட் மார்ஷல், அது வணிகத்தில் ஈடுபடுவோருக்கும் பயன்படவேண்டும் என்றே விரும்பினார். பயன்படுதல் வேறு, வணிகப் பயிற்சியாகவே சுருங்குதல் வேறு.

எனவே, பொருளியலைத் தெரிவுசெய்யும் மாணவர் கணக்கீட்டையும் புள்ளிவிபரவியலையும் கைவிடலாகாது. முகாமைத்துவத்தைத் தெரிவுசெய்பவர் தோட்டத்தின் வரலாற்றைக் கற்காது விடலாகாது. பேரேட்டில் தம் பெற்றோர் ஒரு செலவினமாக எழுதப்பட்டதை அறிந்த தலைமுறை இன்று அப்பேரேட்டை வாசிக்கும் தகுதியைப் பெற்று வருகின்றது. அதில் எழுதப்படாதுவிட்டவை எவையெனக் கேட்கும் தகுதியையும் அது பெறுதல் வேண்டும்.