மணியும் உடைந்த தட்டும்

பத்து காவான் வீட்டில் சின்ன மின்சூளையில் கண்ணாடி உருக்கப் பழகுகிறேன். 800 பாகையில் துண்டுகள் ஒட்டிக்கொண்டன. ஆறுவதற்குள் மூடியைத் திறந்தேன், தட்டு ரெண்டாப் போச்சு. தொழிற்சாலையில் வெப்பக் கணக்குப் பார்ப்பவன்தான் நான்!

அந்த வாரம்தான் பீட்டர் பிரான்சிஸின் 'ஏசியாஸ் மாரிடைம் பீட் டிரேட்' (2002) படித்தேன். கண்ணாடிக் குழாயை இழுத்து, நறுக்கி, சாம்பலில் புரட்டி மறுபடி சுட்டு விளிம்பை மழுக்குவதை, ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டை வேலையைக் கொண்டு விளக்கும் பகுதி நூலின் உயிர். சூட்டில் கை வைத்தவனுக்கு அது நன்றாகவே புரியும்.

ஆனால் அரிக்கமேடு, மாந்தை, கடாரத்துச் சுங்கை மாஸ் என்று கைவினைஞர்களே இடம்பெயர்ந்தார்கள் என்கிறார். தமிழனா நம்ப ஆசைதான். முறையை யாரும் கற்கலாமே! பின்வந்த வேதியியல் ஆய்வுகளின்படி கண்ணாடிக் கலவையும் எல்லா ஊரிலும் ஒன்றல்ல.

அடுத்த தட்டு ஆறட்டும். அதுவரை மெர்போக் அருங்காட்சியகத்துக்குப் போய் மணிகளைப் பார்த்து வரலாம்.