கந்தரோடை மணிகளும் கண்ணாடி இழுக்கும் மரபும்

கண்ணாடி வேலையில் ஊதுதல், சுற்றுதல், இழுத்தல் என மூன்று வழிகள் உண்டு. ஊதுகுழல் முனையில் திரட்டிய குழம்பை மூச்சால் உப்பவைக்கும் முறை கி.மு. முதலாம் நூற்றாண்டளவில் சிரிய-பாலஸ்தீனக் கரையில் தோன்றி, உரோமரால் பரவியது. சுற்றுதலில் இளகிய கண்ணாடி கம்பியொன்றின் மேல் சுற்றப்பட்டு மணியாகும். தமிழகமும் ஈழமும் பேர்பெற்றது இழுத்தலில்தான்.

அரிக்கமேட்டில் வேரூன்றிய இந்நுட்பம் ஆந்திரத்துப் பாப்பநாயுடுபேட்டையில் அண்மைக்காலம் வரை கைவிடப்படவில்லை. அங்கு ‘லாடா’ எனப்படும் நீண்ட இரும்புக் குழாயின் முனையில் உருகிய கண்ணாடியைக் கூம்பாகத் திரட்டுவர். குழாயினுள் செலுத்திய கம்பி கூம்பைத் துளைக்கும். லாடாவை உலைவாயில் வைத்ததும், மறுபுறம் இருப்பவர் கொக்கியால் நுனியைப் பற்றி இழுப்பார். துளை மூடாமலே கண்ணாடிக் குழல் மணிக்கணக்காக நீண்டு வரும். வேகம் கூடினால் மெலியும், தளர்ந்தால் தடிக்கும். மணியின் பருமன் முழுவதும் அந்தக் கைகளின் பொறுப்பு. பிறகு குழலைத் துண்டாக்கி, துளைகளில் சாம்பல் அடைத்து, மறுபடி சூடேற்றினால் கூர்விளிம்பு மழுங்கும். செம்பு கலந்து செய்யும் செம்மணிக்கு உலையில் காற்றைக் குறைக்க வேண்டும். காற்று மிகுந்தால் அதே செம்பு பச்சையோ நீலமோ காட்டும்.

மணிகள் கிடைத்த யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கந்தரோடையை 1917 முதல் போல் பீரிஸ் ஆராய்ந்தார். 1970 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தனர். ஆனால் குடாநாட்டுத் தொல்லியலை இம்மண்ணின் கல்வியாக நிலைநிறுத்தியது பேராசிரியர் கா. இந்திரபாலாவின் மரபே. 1980 ஆனைக்கோட்டை அகழ்வும், பொ. இரகுபதியின் 1987 ஆம் ஆண்டு நூலும் அம்மரபின் கொடைகள். பொருளை இடத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும் என்பது அம்மரபின் ஒழுக்கம். மூத்தோரும் அதனை வழுவாது காத்தனர்.

இக்கால எழுத்துகள் சிலவற்றில் அந்த ஒழுக்கம் தளர்ந்துள்ளது. ஆர்வத்தில் குறையில்லை, யாரையும் சுட்டுவதும் நோக்கமல்ல. ஆயினும் “நீல மணி, சிவப்பு மணி” என்று எண்ணி முடிப்பது ஆய்வாகாது. இழுத்த மணியில் குமிழிகளும் கோடுகளும் துளைக்கு இணையாக ஓடும். சுற்றிய மணியில் துளையைச் சுற்றி வளையும். ஒரு கைலென்ஸ் போதும். அதைக்கூட எடுக்காமல், எந்த அடுக்கில் கிடைத்தது என்றும் குறிக்காமல், உரோம வணிகத்தின் சான்று என முழங்குவது, இரண்டாயிரம் ஆண்டுக் கைவினையை அதன் சொந்தக்காரரிடமிருந்தே பறிப்பதாகும். இப்படியே போனால் அடுத்த தலைமுறைக்கு மணிகள் மிஞ்சும், அவை எப்படி உருவாயின என்ற அறிவு மிஞ்சாது. முன்னோர் எழுதியதைத் திறந்து பார்க்கவும் நேரமில்லாத அவசரம் இது.

குடாநாட்டின் அம்பன், குடத்தனை வெண்மணலை இம்மணிகளின் மூலமாகக் கொள்ளத் தோன்றலாம். ஆனால் தென்னிந்திய, இலங்கை மணிகளில் பெருவாரியானவை அலுமினா மிகுந்த சோடாக் கண்ணாடி. தூய சிலிக்கா மணல் மட்டும் அதைத் தராது. பழங்காலத்தில் மூலக் கண்ணாடியே உருக்கிய உலைகள் இலங்கையின் கிரிபாவையில் வெளிப்பட்டுள்ளன. மாந்தையில் மணி செய்ததற்கான கழிவுகளும் கிடைத்துள்ளன. கந்தரோடை மணிகளை முதலில் ஒப்பிட வேண்டியது இவ்விரண்டோடும் அரிக்கமேட்டோடுமே.