கேஜின் மண்டையோடும் குணத்தின் இருப்பிடமும்

மூளையின் அமைப்பே மக்களின் குணத்தை வகுக்கின்றது என நாட்டப் புகுவோர் பலரும் எடுத்துக்காட்டுவது பினியாஸ் கேஜ் என்பவரின் வரலாறேயாம். அந்தோனியோ டமாசியோ என்னும் நரம்பியல் அறிஞர் 1994-இல் வெளியிட்ட 'டேக்கார்ட்டின் பிழை' என்னும் நூலும் அவ்வரலாற்றையே வாயிலாகக் கொண்டு தொடங்குகின்றது. அவ்வாயில் எத்துணை உறுதியுடையது என்பது ஈண்டு ஆராயற்பாலது.

கேஜ் அமெரிக்க நாட்டில் இருப்புப்பாதைக்காகப் பாறை பிளப்போர்க்குத் தலைவராயிருந்தவர். 1848 செப்டம்பர் 13-ஆம் நாள், வெர்மான்ட் மாநிலத்துக் காவென்டிஷ் என்னும் ஊரருகே, வெடிமருந்து தீப்பற்ற, 3 அடி 7 அங்குல நீளமும் 13¼ பவுண்டு நிறையுமுள்ள இருப்புக்கோல் அவரது இடக்கன்னத்தின்வழி நுழைந்து உச்சியைத் துளைத்து வெளிப்போந்தது. அப்பொழுது அவர்க்கு வயது 25. அவர் பிழைத்தார். மருத்துவஞ்செய்த ஜான் ஹார்லோ 1868-இல் எழுதிய அறிக்கையில், முன்னர் ஊக்கமும் ஒழுங்கும் உடையராயிருந்த கேஜ், பின்னர் வசைமொழி பேசுவாராயும், பிறர் அறிவுரை கேளாராயும், எண்ணியதில் நிலைபெறாராயும் மாறினார் என்றனர்.

இவ்வொரு நிகழ்ச்சியை முரண்பட்ட கட்சியார் அனைவரும் தத்தமக்குச் சான்றாக்கிக் கொண்டமை வியப்பே. ஹார்வர்டுப் பேராசிரியர் ஹென்றி பிகலோ 1850-இல், கேஜ் உடலும் அறிவும் நலம்பெற்றார் என்றனர். மண்டையோட்டின் மேடுபள்ளங்கொண்டு குணங்கூறுவோரோ, கோல் சென்ற வழி இரக்கத்துக்கும் வணக்கத்துக்கும் உரிய இடமே என மகிழ்ந்தனர். துளை ஒன்று; கட்சிகள் பல.

டமாசியோ நூலின் குறை கேஜின் பிற்காலத்தைச் சுருங்கக் கூறிக் கடப்பதேயாம். மால்கம் மாக்மில்லன் 2000-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூல் பழைய சான்றுகளை ஒவ்வொன்றாகத் தேடி நிறுத்துகின்றது. 1852-இல் சிலி நாடு சென்ற கேஜ் ஏறத்தாழ ஏழாண்டு வண்டியோட்டியாய் உழைத்தவர். பாரமேற்றி ஆறு குதிரைகள் பூட்டிய வண்டியையும் செலுத்தியவர். குதிரைகளைப் பேணலும், குறித்த வேளைக்குப் புறப்படலும், அயல்மொழியாளரான பயணிகளோடு ஒத்துப்போதலும் முன்யோசனையற்ற ஒருவர்க்கு எங்ஙனம் இயலும்? ஹார்லோ வரைந்த மாற்றம் விபத்தை அடுத்த காலத்ததாகவும், அது நாளடைவிற் பெரிதும் நீங்கியதாகவும் மாக்மில்லன் கொள்வது பொருத்தமுடையதே.

இன்னுமொன்று. கேஜின் மூளையை ஆராய்ந்தார் எவருமிலர். 1860-இல் இறந்த அவரது மண்டையோடு 1867-இல் தோண்டியெடுக்கப்பட்டு, இன்று ஹார்வர்டில் உள்ளது. அதனையளந்து, இருபுறத்து முன்மூளையும் சிதைந்தது என டமாசியோ குழுவினர் 1994-இல் கூற, 2004, 2012-ஆம் ஆண்டுகளில் அளந்தோர் இடப்புறமே என்றனர். என்பு கோலின் வழியை ஓரளவு காட்டுமேயன்றிக் குணத்தின் இருப்பிடத்தை யாங்ஙனம் காட்டும்?

நலமுற்றோரின் மூளைப்பகுதிகளை அளந்து குணங்களோடு பொருத்தும் முயற்சியும் நடைபெறுகின்றது. 116 பேரைக்கொண்ட 2010-ஆம் ஆண்டு ஆராய்ச்சி பெரிதும் பேசப்பட்டது. ஏறத்தாழ 50,000 பேரின் படங்களை ஆராய்ந்து 2022-இல் வெளிவந்த கட்டுரையோ, மூளை வேறுபாட்டுக்கும் மன இயல்புக்குமுள்ள தொடர்பு மிகச் சிறிதாகலின், பல்லாயிரவரை ஆராய்ந்தாலன்றி அத்தகைய முடிபு நிலையாது என்றது.

இவற்றைக் கண்டு சைவர் சிலர், கேஜ் தெளிந்தமை உயிர் உண்மைக்குச் சான்றென்பர். அதுவும் பொருந்தாது, எஞ்சிய மூளைப்பகுதி அத்தொழிலை மேற்கொண்டது எனின் விடையென்னை? எண்ணுதலையே உயிரின் இயல்பென்ற டேக்கார்ட்டின் கொள்கை வேறு. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்பன மாயையின் காரியமாகிய சடக்கருவிகள் என்னும் சித்தாந்தம் வேறு. கருவி பழுதுறின் செயல் திரிதல் சித்தாந்தத்துக்கு முன்னரே உடன்பாடாகலின், டமாசியோ எய்த அம்பு ஈண்டுத் தைப்பதன்று. சிவஞானபோத நான்காஞ் சூத்திரம் உயிர் அந்தக்கரணங்களின் வேறென நிறுவுவதும் வேறு ஏதுக்களானேயன்றி, ஒரு மண்டையோட்டை நம்பியன்று.